நாற்பதுக்கு நான் எழுதிய பதில்

போன மாதம் என் பழைய அலுவலகத்திலிருந்து பிரியா என்ற பெண் போன் செய்தாள். நான் வேலையை விட்ட பிறகு சேர்ந்தவள்.

“அங்கிள், நீங்க இருபது வருஷத்துக்கு மேல ஸ்டூடண்ட்ஸ் கேள்விக்கெல்லாம் பதில் எழுதினீங்களாமே? இப்ப பாடம் எல்லாம் ஆப்ல போயிடுச்சு. அடிக்கடி வர்ற கேள்விக்கு ரெடியா பதில் போட்டு வெச்சிட்டா அதுவே அனுப்பிடும். நம்பர்ஸ் பத்தி மட்டும் நீங்க எழுதிக் குடுங்க. ஒவ்வொண்ணும் நாலு வரி போதும்.”

எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஐம்பத்தாறு வயதில் பிரிவையே மூடி வீட்டுக்கு அனுப்பப்பட்டவனை ஒருவர் தேடிப் பிடித்துக் கேட்டால் சும்மாவா? வெங்காயம் உரிக்கச் சொன்ன மனைவியிடம் “ஆபீஸ் வேலை இருக்கு” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். பைபிளின் பிற்பகுதி கிரேக்கத்தில் எழுதப்பட்டது. அதில் வரும் எண்களுக்குக் கிரேக்கச் சொல் என்ன, அந்த எண் எதற்கு அடையாளம் என்று எழுத வேண்டும். ட்ரெய்ஸ் என்றால் மூன்று. ஹெப்டா ஏழு, நிறைவின் எண். தோதெக்கா பன்னிரண்டு, ஜனத்தின் எண். மதியச் சாப்பாட்டுக்குள் ஆறு எண்களை முடித்துவிட்டேன். அடுத்தது நாற்பது. “தெஸ்ஸராகொந்தா” என்று எழுதினேன். அதோடு கை நின்றது. பதில் தெரியாமல் இல்லை. முன்பு ஒரு முறை இதற்கு நாலே வரியில் பதில் எழுதியிருக்கிறேன். அந்தக் கதையைச் சொல்லாமல் அந்த நாலு வரியை மறுபடி எழுத எனக்குத் துணிவில்லை. பிரியா, உன் ஆப் இதைத் தாங்குமோ என்னவோ, எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.

எங்களுடையது அஞ்சல் வழி வேதபாடம். ஃப்ரேசர் டவுனில் ஒரு பழைய கட்டடத்தின் மாடி. கீழே கண்ணாடிக்கடை. மொத்தம் இருபத்து நான்கு பாடங்கள். தபாலில் ஒரு பாடம் போகும், மாணவர் விடை எழுதி அனுப்புவார், திருத்தி அடுத்த பாடத்தோடு அனுப்புவோம். கடைசியில் ஒரு சான்றிதழ். அதை ஃப்ரேம் போட்டு மாட்டியவர்கள் இருக்கிறார்கள். படித்தவர்களில் கிறிஸ்தவர்கள் பாதிகூட இல்லை. அத்திபெலே பக்கத்து லாரி டிரைவர்கள், கார்மென்ட்ஸ் பெண்கள், ஜெயிலில் இருப்பவர்கள், சும்மா தபால் வருமே என்று ஆசைப்பட்ட தனிக்கட்டைகள் என்று எல்லாரும் படித்தார்கள்.

நான் அதற்கு முன் சீட் கவர் கம்பெனியில் பில் எழுதிக்கொண்டிருந்தவன். கையெழுத்து நன்றாக இருக்கிறது என்பதற்காக மட்டும் எடுத்தார்கள். பயிற்சி மூன்று வாரம். உறையை எந்தப் பக்கம் கிழிப்பது, தேதி முத்திரையை எங்கே குத்துவது, தப்பான விடைக்குச் சிவப்பு மையில் பெருக்கல் குறி போடக் கூடாது என்பது. “அவங்க ஸ்கூல்ல வாங்கின அடி போதும்” என்பார் எஸ்தர் மேடம்.

எஸ்தர் மேடம்தான் தமிழ்ப் பிரிவின் தலைவர். என்னைவிட நான்கு வயது இளையவர். கோலார் தங்கவயலில் பிறந்தவர், இறையியல் கல்லூரியில் கிரேக்கம் படித்தவர். சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. தப்புச் செய்தால், நாம் எழுதியதை நம் எதிரிலேயே வாய்விட்டு மெதுவாகப் படிப்பார். அவ்வளவுதான். இரண்டாவது வரி முடிவதற்குள் நமக்கே எழுந்து ஓடிவிடலாம் போலிருக்கும். நான் ஓடியும் இருக்கிறேன். எனக்குப் பயம் வந்தால் முதலில் வேலை செய்வது வயிறு. மாடிப்படிக்குப் பக்கத்தில் இருந்த கழிவறைக்கு “சாமுவேல் ஆபீஸ்” என்று பெயரே வைத்திருந்தார்கள்.

ஒவ்வொரு விடைத்தாளின் அடியிலும் புள்ளிக்கோடு போட்டு ஒரு துண்டு இருக்கும். “உங்கள் கேள்வி” என்று அச்சடித்து மூன்று கோடு விட்டிருப்போம். அதைக் கத்தரித்துத் தனியாக வைக்க வேண்டும். திருத்துபவர் அதற்குப் பதில் எழுதுவார், கார்பன் வைத்து. எழுதியதும் உறையில் போட்டுவிட முடியாது. பக்கத்து மேஜையில் இருப்பவரிடம் கேள்வியையும் பதிலையும் கொடுக்க வேண்டும். அவர் முதலில் கேள்வியைத் தானே கேட்பது போல வாய்விட்டுப் படிப்பார். பிறகு பதிலை, அது தன் வீட்டுக்கு வந்த தபால் என்று நினைத்துக்கொண்டு படிப்பார். உறுத்தல் ஏதும் இல்லையென்றால் கீழே இரண்டாவது கையெழுத்துப் போடுவார். எல்லாப் பாடத்தின் பின்னட்டையிலும் பெருமையாக அச்சிட்டிருந்தோம்: உங்கள் கேள்வியை இங்கே இரண்டு பேர் படிக்கிறார்கள்.

எனக்கு இரண்டாவது ஆள் லில்லி. தூத்துக்குடிக்காரி. கேள்வி கேட்டவரின் குரலை அப்படியே கொண்டுவருவாள். கணவன் அடிக்கிறான் என்று ஒருத்தி எழுதிய துண்டை அவள் படித்தபோது, அந்தப் பெண்ணுக்கு நான் எழுதியிருந்த “பொறுமையாயிருங்கள் சகோதரி” என்ற பதிலை நானே பிடுங்கிக் கிழித்தேன்.

பதினான்காம் பாடம் எண்களைப் பற்றியது. எல்லாருக்கும் பிடித்த பாடம். கிரேக்கச் சொற்களைத் தமிழ் எழுத்தில் போட்டிருந்ததால் மாணவர்களுக்கு ஒரே குஷி. ஒருவர் தன் ஆட்டோவின் பின்னால் “ஹெப்டா” என்று எழுதிவிட்டுப் போட்டோ அனுப்பியிருந்தார். அந்தப் பாடத்துக்கு வரும் கேள்விகளும் ஒரே மாதிரி இருக்கும். என் பையனுக்கு இப்போது ஏழாவது வருஷம், நல்லதா? என் வண்டி நம்பரைக் கூட்டினால் பன்னிரண்டு வருகிறது, அர்த்தம் உண்டா? இதற்கெல்லாம் பதில் எழுதி எழுதி என் கைக்கு அது மனப்பாடம். மூளையைத் தொந்தரவு செய்யவே வேண்டாம்.

ஒரு சனிக்கிழமை. அரை நாள் வேலை. லில்லி லீவு. என் மேஜையில் பதினேழு துண்டுகள். மதியம் மச்சினன் வீட்டில் பிரியாணி. நான் என்ன செய்தேன் என்று இனி நீங்களே ஊகிக்கலாம். பதினேழுக்கும் பதில் எழுதினேன், பதினேழிலும் “சா” என்று என் கையெழுத்தைப் போட்டேன். பேனாவை இடது கைக்கு மாற்றி “லி” என்றும் போட்டேன். இடது கையால் போட்டும் லில்லியின் கையெழுத்தைவிட அழகாக வந்தது. அதை நினைத்துச் சிரித்துக்கொண்டே பஸ் ஏறினேன்.

நான்கு வாரம் கழித்து ஒரு செவ்வாய்க்கிழமை காலை, பதினைந்தாம் பாடத்தின் விடைத்தாள் ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். பெயர் முனிரத்தினம். எனக்குப் பழகிய கையெழுத்து. பீன்யாவில் பிரஸ் ஷாப்பில் வேலை, ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் பாடம் படிப்பவர், மாரியம்மன் பக்தர், நூற்றுக்குத் தொண்ணூறுக்குக் குறையாதவர். இதெல்லாம் முந்தைய துண்டுகளில் அவரே எழுதியது. இந்தத் தாளின் துண்டில் இப்படி இருந்தது:

“ஐயா, பதில் கிடைத்தது, நன்றி. கால் விரல் இரண்டை எடுக்கணும் என்று டாக்டர் சொன்னார். உங்கள் பதில் பார்த்து நாற்பது நாள் பொறுப்பது என்று ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டோம். இன்று பதினேழாம் நாள். வாசனை வருகிறது. ஜெபிக்கவும்.”

நான் எழுந்து நேராகச் சாமுவேல் ஆபீஸுக்குப் போனேன். திரும்பி வந்து கார்பன் பிரதிகளின் ஃபைலைத் தேடினேன். மூன்று முறை என் கண்ணுக்கு எதிரிலேயே இருந்ததை விட்டுவிட்டேன். பிரஷர் மாத்திரை ஒன்று போட்டேன். போட்டேனா என்ற சந்தேகத்தில் இன்னொன்றும் போட்டேன். கடைசியில் கிடைத்தது. அவர் கேட்டிருந்தது: “ஐயா, சர்க்கரை வியாதி, காலில் புண். பெரிய சோதனையில் இருக்கிறேன். நாற்பது என்ற எண்ணுக்கு என் விஷயத்திலும் அர்த்தம் உண்டா?” நான் எழுதியிருந்தது: “நிச்சயம் உண்டு சகோதரரே. தெஸ்ஸராகொந்தா என்பது சோதனையின் எண். நாற்பது நிறைவேறும்போது சோதனை முடிந்து வெளிச்சம் உதிக்கும். தைரியமாயிருங்கள்.” கீழே சா. பக்கத்தில் அழகான லி.

விடைத்தாளில் அவர் போட்டிருந்த தேதியையும் எங்கள் முத்திரையையும் பார்த்தேன். எங்கள் அலுவலகத் தபால் கட்டில் இரண்டு நாள் கிடந்தது உட்பட ஆறு நாள் போயிருந்தது. அன்று அவருக்கு இருபத்து மூன்றாம் நாள்.

எஸ்தர் மேடத்தின் அறைக்குப் போய்த் துண்டையும் பிரதியையும் மேஜைமேல் வைத்தேன். அவர் வழக்கம்போல வாய்விட்டுப் படித்தார். முதலில் கேள்வி, பிறகு என் பதில், பிறகு இன்று வந்த துண்டு. “வாசனை வருகிறது” என்ற இடத்தில் நிறுத்திவிட்டு மறுபடி தொடர்ந்தார்.

“லில்லி அன்னிக்கி லீவுதானே?”

“ஆமா மேடம்.”

“சரி.” துண்டை நேராக வைத்தார். “நாற்பதுன்னா என்ன, சாமுவேல்?”

“சோதனையின் எண், மேடம்.”

“தெஸ்ஸராகொந்தான்னா நாற்பது. முப்பத்தொன்பதுக்கு அடுத்து வர்றது. மொதல்ல அது அவ்ளோதான்.” பிரதியை என் பக்கம் திருப்பி வைத்தார். “அடிமைத்தனத்துலேர்ந்து தப்பின ஜனங்க வனாந்தரத்துல நாற்பது வருஷம் நடந்தாங்க இல்ல? முடிஞ்சப்ப, மொதல்ல கெளம்பின பெரியவங்கள்ல எத்தன பேரு வாக்குப்பண்ணின தேசத்துக்குள்ள போய்ச் சேர்ந்தாங்க?”

“ரெண்டு பேர்.”

“மீதிப் பேரு?”

“வழியிலயே... போயிட்டாங்க.”

“அத ஏன் எழுதல?”

நான் என்ன சொல்வது? பிரியாணி என்றா?

“ஆண்டவர் உயிர்த்தெழுந்த பிறகு சீஷங்களோட நாற்பது நாள் இருந்தாரு. அந்த நாற்பது முடிஞ்சப்ப சீஷங்களுக்கு என்ன கெடச்சுது? அவரு பரலோகத்துக்குப் போயிட்டாரு. அண்ணாந்து பாத்துட்டு நின்னாங்க. அடையாளம் பொய்யின்னு நான் சொல்லல. நடந்து முடிஞ்சத திரும்பிப் பாக்கறவனுக்கு அதுல அர்த்தம் தெரியலாம். கால் அழுகறவன் கையில அத காலண்டரா குடுக்கக் கூடாது.”

“இன்னிக்கே ஸ்பீட் போஸ்ட்ல ஒரு கடிதம் போட்டுடறேன் மேடம். எக்ஸ்பிரஸ்...”

“அட்ரஸ் பாத்தீங்களா?”

பார்த்தேன். ஜோகுபாளையம். பஸ் பிடித்தால் அரை மணி நேரம். இருபத்து மூன்று நாளாக அந்த மனிதர் அரை மணி நேரத் தொலைவில் உட்கார்ந்து, தபாலில் என்னோடு பேசிக்கொண்டிருந்திருக்கிறார்.

மாணவர்களை வீட்டில் போய்ப் பார்க்கக் கூடாது என்பது எங்கள் அலுவலக விதி. அந்த விதியை எழுதியவரே எஸ்தர் மேடம்தான். “போங்க” என்றார். கூட வருகிறாரா என்று கேட்க வாயெடுத்தேன். “எழுதினது நீங்க” என்றார்.

ஆட்டோவில் போகும்போது என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்தேன். முதல் ஒத்திகையில் நான் கம்பீரமாக இருந்தேன். அல்சூர் வருவதற்குள் ஆட்டோவைத் திருப்பச் சொல்லிவிடலாமா என்று மூன்று முறை யோசித்தேன். வீட்டில் பூட்டு தொங்க வேண்டும் என்றுகூட வேண்டிக்கொண்டேன். ஊழியக்காரனின் ஜெபம் அந்த லட்சணத்தில் இருந்தது.

பூட்டு தொங்கவில்லை. சந்துக்குள் ஓர் அறையும் சமையல் கட்டும் கொண்ட வீடு. வாசலிலேயே ஊதுபத்தி மணம் மூக்கில் அடித்தது, ஒரே நேரத்தில் ஏழெட்டு கொளுத்தியது போல. அதற்குப் பின்னால் அந்த இன்னொரு வாசனை. கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தவர் என்னைவிடச் சிறியவர், நாற்பத்தைந்து இருக்கலாம். இடது காலைச் சுற்றி வெள்ளை வேட்டித் துணி. நான் யார் என்று சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை எழுத எனக்கு இப்போதும் கஷ்டமாக இருக்கிறது.

“சாமுவேல் சாரா! சரோஜா, பாரு, சாரே வந்துகிறாரு! குந்து சார், குந்து. நாற்காலிய தொடைம்மா.”

மனைவி சரோஜா நாற்காலியைத் துடைக்கவில்லை. இடுப்பில் கையை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். “நீதானா அது, நாப்பது நாளு எழுதிக் குடுத்தது?”

“அவ அப்டிதான் பேசுவா சார். அவளுக்கு நாப்பது பத்தாது. மண்டலம்னா நாப்பத்தெட்டு, அத கொறைக்காதங்கறா. எங்க மாரியம்மனுக்கு ஒரு மண்டலம் வேண்டிக்கினுகிறா. நான் சொன்னேன், சார் கணக்கு நாப்பது மொதல்ல முடியட்டும், அப்பால உன் எட்டு. ரெண்டும் ஒண்ணுதான், எல்லாம் சேந்துக்கும்னு.”

நாற்பத்தெட்டு. என் வயிறு மறுபடி ஓர் அலுவலகத்தைத் தேடியது. சந்தின் கோடியில் பொதுக் கழிவறை இருந்ததை வரும்போதே கவனித்திருந்தேன். போகவில்லை என்பதைத்தான் அன்று நான் காட்டிய வீரம் என்று சொல்லலாம்.

“முனிரத்தினம், நாம இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போகணும்” என்றேன்.

“இன்னும் பதினேழு நாளு இருக்கே சார்.”

“அந்த எண்ணுக்கு அப்படி அர்த்தம் இல்ல.”

“பாடத்துல இருக்குதே சார். நம்ம பேதுரு சொஸ்தமாக்கின அந்த முடவனுக்கும் வயசு நாப்பதுக்கு மேலன்னு போட்டுக்கிது. எனக்கும் நாப்பதுக்கு மேல. அவனுக்கும் காலு, எனக்கும் காலு.” தொண்ணூறு மார்க் மாணவர் இல்லையா, சும்மா விடுவாரா? “நீ எழுதாததகூட நானே தேடிக் கண்டுபுட்ச்சிகிறேன் சார்.”

எஸ்தர் மேடம் சொன்னதையெல்லாம் சொன்னேன். வனாந்தரத்தில் விழுந்தவர்களைச் சொன்னேன். “அவங்க சாமிய எதிர்த்து முணுமுணுத்தாங்க சார், அதான். நான் முணுமுணுக்கல” என்றார். அதற்கு மேல் எனக்குப் பதட்டத்தில் வாயில் வந்ததெல்லாம் வந்தது. ஊழியத்துக்காகப் பவுல் பட்ட சவுக்கடியைச் சொன்னேன். நாற்பது அடிக்கு மேல் அடிக்கக் கூடாது என்று சட்டம். எண்ணிக்கை தவறி ஒன்று கூடிவிடுமோ என்று பயந்து முப்பத்தொன்பதோடு நிறுத்திவிடுவார்கள். “பாத்தீங்களா, அடிக்கறவனே நாற்பது வரைக்கும் போகல. முன்னாடியே நிறுத்திட்டான். நாமளும் நிறுத்தணும்” என்றேன். எனக்கே என் சாமர்த்தியம் ஆச்சரியமாக இருந்தது.

முனிரத்தினம் யோசித்தார். “சரி சார். ஒண்ணு கொறைச்சிக்கலாம். அப்பவும் பதினாறு நாளு இருக்குதே.”

சரோஜா சிரித்துவிட்டாள். சிரித்த வேகத்தில் அழுதுவிட்டாள். “கணக்குப் போடுங்க, ரெண்டு பேரும் குந்தி கணக்குப் போடுங்க. காலு அங்க கருப்பாய்க்கினே போவுது. நானும்தான் நாப்பத்தெட்டுன்னு வேண்டிக்கினேன், இல்லன்னு சொல்லல. ராத்திரியில மோந்து பாக்கறவ நான். நேத்து கணுக்கால் வரைக்கும் வந்துருச்சி. எந்த சாமி இன்னா சொன்னாலும் எனக்கு இப்ப ஆட்டோ வேணும்.”

“அவசரப்படாத. டாக்டரு ஒருத்தரு சொன்னாரு,” என்று அவர் அவளைச் சமாதானப்படுத்தினார். “இங்க ரெண்டு பேரு படிச்சி, ஒத்துக்கினு, கையெழுத்துப் போட்டு எழுதிக்கிறாங்க. ஒண்ணு பெருசா, ரெண்டு பெருசா?”

தலைமாட்டிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்தார். ரேஷன் கார்டு, ஆதார் இவற்றோடு என் பதில் மடித்து வைக்கப்பட்டிருந்தது. அடியில் விரலை வைத்துக் காட்டினார். சா. லி.

பயத்தில் நான் பொய் சொல்லித்தான் பழக்கம். உண்மை வருவது இல்லை. அன்று வேறு சரக்கு கையில் இல்லாததால் வந்தது என்று நினைக்கிறேன்.

“ரெண்டும் நான்தான்” என்றேன்.

“இன்னா சார்?”

“அந்த லி-யும் நான் போட்டதுதான். லில்லி அன்னிக்கி லீவு. உங்க கேள்விய யாரும் வாய்விட்டுப் படிக்கல. நானும் சரியா படிக்கல. புண்ணுன்னு இருந்துது, ஏதோ சின்னப் புண்ணுன்னு நெனச்சேன். அதுகூட இல்ல, நெனைக்கவே இல்ல. பதினேழு பேருக்கு அன்னிக்கி எழுதினேன். கை தானா எழுதிட்டுப் போச்சு.”

“இத எழுத எவ்ளோ நேரம் ஆச்சி சார்?”

“ஒரு நிமிஷம்.” பிறகு அதையும் திருத்தினேன். “அதுகூட ஆயிருக்காது.”

அவர் அந்தக் காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அடித்தால்கூட வாங்கிக்கொள்ளலாம் என்று நாற்காலியின் நுனிக்கு வந்திருந்தேன். அவர் மெதுவாகக் கேட்டார், “அப்போ என் மத்த பேப்பரு? அதெல்லாம் படிச்சியா சார்?”

“படிச்சேன். எல்லாத்தையும் படிச்சேன், முனிரத்தினம்.”

“அத எப்டி சார் நான் நம்பறது இனிமே?”

சரோஜா ஏற்கெனவே ஆட்டோ கூப்பிடப் போய்விட்டாள். நானும் எதிர்வீட்டுக்காரரும் அவரைத் தூக்கினோம். எடை இருந்தது. வாசற்படியில் அந்தக் கால் கதவில் லேசாகப் பட்டது. அவர் கத்தவில்லை. பட்டதே அவருக்குத் தெரியவில்லை.

ஆஸ்பத்திரியில் ஒரு டாக்டர் கட்டைப் பிரித்தார், பார்த்தார், மூடினார். வெளியே வந்து சரோஜாவிடம் கன்னடத்தில் சொன்னார்: அன்றைக்கே எடுக்க விட்டிருந்தால் இரண்டு விரலோடு போயிருக்கும், இப்போது முழங்காலுக்குக் கீழே எடுத்தாக வேண்டும், அதுவும் இன்றே. சரோஜாவுக்குக் கன்னடம் நன்றாகத் தெரியும். இருந்தும் தமிழில் சொல்லச் சொல்லி என்னைப் பார்த்தாள். சொன்னேன். முனிரத்தினத்தின் ஆபரேஷன் சம்மதப் படிவத்தை நர்ஸ் கொண்டுவந்தார். ஆங்கிலத்தில் இரண்டு பக்கம். சரோஜா பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு, “படி சார். ஒரு எழுத்து உடாத” என்றாள்.

படித்தேன். மயக்க மருந்தினால் வரக்கூடியவை, ரத்தம் போவது, மறுபடியும் வெட்ட வேண்டி வரலாம் என்பது, உயிருக்கு வரக்கூடிய ஆபத்து. ஒவ்வொன்றையும் தமிழில் சொன்னேன். நடுவில் நர்ஸ், “பேக மாடி சார், டைம் இல்லா” என்று அவசரப்படுத்தினார். சரோஜா அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. முழுவதும் முடித்த பிறகு, கடைசிப் பக்கத்தைத் தொட்டு, “இதுல இன்னா போட்டுக்கிது?” என்றாள். அது அச்சகத்தின் பெயர். அதையும் படித்தேன். கையெழுத்துப் போட்டாள்.

உயிர் பிழைத்தார். கால் போயிற்று.

மறுநாள் எஸ்தர் மேடம் இயக்குநருக்கு ஓர் அறிக்கை எழுதினார். என் பெயர் வருவதற்கு முன்னால் “என் பிரிவில், என் பொறுப்பில்” என்று தன்னை எழுதிக்கொண்டார். எழுதியதை எனக்குப் படித்துக் காட்டினார், அதே மெதுவான குரலில். வேலையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று நான் வீட்டில் முன்கூட்டியே துக்கம் அனுஷ்டித்துவிட்டேன். மனைவி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. ஆனால் வேலையிலிருந்து எடுக்கவில்லை. ஒரு வருஷம் நான் யாருக்கும் பதில் எழுதக் கூடாது, உறைகளைப் பிரிப்பது மட்டும்தான் என்றார்கள். லில்லி தன் பெயரில் நான் போட்ட கையெழுத்தை நீண்ட நேரம் பார்த்தாள். “என்னவிட நல்லாப் போட்டிருக்கீங்க அண்ணே” என்றாள். அதற்குப் பிறகு அவள் எனக்காகக் குரல் மாற்றிப் படித்ததே இல்லை. சாதாரணமாகப் படிப்பாள், கையெழுத்துப் போடுவாள்.

உறைகளைப் பிரித்த அந்த வருஷம் முழுவதும் தினமும் ஒரு கையெழுத்தைத் தேடினேன். பதினாறாம் பாடத்தின் விடை வரவில்லை. பீன்யாவில் அவரை நின்றுகொண்டு செய்யும் வேலைக்கு வைத்துக்கொள்ள முடியாது என்று சொல்லிவிட்டார்கள். சரோஜா இரண்டு வீட்டில் சமையல் வேலைக்குப் போக ஆரம்பித்தாள். நான் மாதத்துக்கு ஒரு முறை போவேன், பழம் வாங்கிக்கொண்டு. சர்க்கரை வியாதிக்காரர் வீட்டுக்குப் பழம்! சரோஜா அதை வாங்கி எதிர்வீட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிடுவாள். அவர் மரியாதையாகப் பேசுவார், கிரிக்கெட், வெயில், செயற்கைக் காலுக்கு அளவெடுத்தது. பாடத்தைப் பற்றி அவரும் பேசமாட்டார், நானும் பேசமாட்டேன்.

ஏழெட்டு மாதம் இருக்கும். ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், திடீரென்று கேட்டார்.

“சார், ஒண்ணு கேக்கணும். வெட்டின கால இன்னா பண்ணுவாங்க?”

எனக்குத் தெரியவில்லை. சரோஜா அடுப்படியிலிருந்து, “ஆரமிச்சிட்டியா?” என்றாள். நான் மறுநாள் லீவு போட்டு அந்த ஆஸ்பத்திரிக்குப் போனேன். மூன்று பேரை விசாரித்து, நான்காவதாக ஒரு வார்டு ஆயா சொன்னார். வீட்டுக்காரர் கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்காவிட்டால் மற்றக் கழிவோடு அனுப்பி எரித்துவிடுவார்கள். அவருடையதை யாரும் கேட்கவில்லை. அடுத்த ஞாயிறு போய் அதைச் சொன்னேன், விடாமல், கேட்ட வரிசையிலேயே.

“எரிச்சிட்டாங்களா?” என்றார். மேலே கூரையைப் பார்த்தார். “எங்க வழக்கம் பொதைக்கிறது சார். எங்க அப்பன், தாத்தன் எல்லாரையும் தங்கவயல்ல பொதச்சிகிது. என்னையும் பொதைப்பாங்க. கால் மட்டும் எரிஞ்சி போச்சி.” என் பக்கம் திரும்பினார். கேலி இல்லை, விடைத்தாளின் அடியில் கேள்வி எழுதும்போது இருந்திருக்குமே, அந்த முகம். “மேல போனா ரெண்டும் ஒண்ணா சேருமா சார்?”

எத்தனையோ வரிகள் நாக்கில் வந்து நின்றன. எல்லாம் அழகான வரிகள்.

“எனக்குத் தெரியல, முனிரத்தினம்” என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். போர்வையை இழுத்து, கால் இல்லாத இடத்தையும் சேர்த்து மூடிக்கொண்டார்.

“இத அன்னிக்கே எழுதிருக்கலாம் இல்ல சார்?”